பழைய ரியாக்ட் கையேட்டைத் திருத்திய என் அனுபவம்

வலைப்பக்க இடைமுகங்களை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் பற்றி, புதிதாக நிரல் கற்போருக்காக 2021இல் நான் தமிழில் எழுதிய கையேடு, புதிய ரியாக்ட் திட்டத்தை அமைத்துத் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்னும் கருவியை நிறுவுவதில் தொடங்கியது. 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வெளிவந்த பிறகு அந்தக் கட்டளையை இட்ட மாணவி ஒருவர், தொகுப்புகளின் பதிப்புகள் முரண்படுவதாக வந்த பிழைச்செய்தியைக் கண்டு, தவறு தம்முடையதே என்று நம்பி இரண்டு நாள் போராடியிருக்கிறார். அது என்னை மிகவும் வருத்தியது. தன் தவறு எது, கையேட்டின் தவறு எது என்று பிரித்தறிய முடியாத நிலையில்தானே ஒருவர் முதல் பக்கத்தைத் திறக்கிறார்.

2025 பிப்ரவரி 14 அன்று ரியாக்ட் குழுவே அக்கருவியைக் கைவிடுவதாக அறிவித்ததால், அதே வேலையைச் செய்யும் வீட் என்னும் கருவிக்கு மாறினேன். நிறுவும் கட்டளையை மட்டும் மாற்றினால் போதும் என்று முதலில் எண்ணியது பிழை. திட்டத்தை இயக்கும் கட்டளையான 'என்பிஎம் ஸ்டார்ட்' என்பது 'என்பிஎம் ரன் டெவ்' ஆகிறது. உலாவியில் திறக்கும் முகவரியில் வரும் போர்ட் எண் 3000க்குப் பதிலாக 5173 ஆகிறது. பப்ளிக் ஃபோல்டருக்குள் இருந்த இண்டெக்ஸ் எச்டிஎம்எல் கோப்பு அதற்கு வெளியே, திட்டத்தின் மேல்நிலைக்கு வருகிறது. நிரலுக்கு வெளியே வைத்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகளான சூழல் மாறிகளின் பெயர்கள் இனி 'வீட்' என்ற முன்னொட்டுடன் தொடங்க வேண்டும்; பழைய முன்னொட்டை அப்படியே விட்டால், எச்சரிக்கை ஏதுமின்றி மதிப்பு மட்டும் கிடைக்காமல் போகும் என்பதால், இதற்கெனத் தனிப் பத்தியே எழுதினேன்.

பிறகு எதுவும் நிறுவப்படாத கணினி ஒன்றில் ஒவ்வொரு வரியையும் நானே இட்டுப் பார்த்து, இந்தக் கருவிகள் இயங்கத் தேவையான நோட் என்னும் மென்பொருளில் நான் பயன்படுத்திய பதிப்பையும் சரிபார்த்த தேதியையும் அத்தியாயத் தலைப்பின் கீழே குறித்தேன்.