நாலு அறை, எட்டு ஸ்பீக்கர்: எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்குவது?

ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. ஒவ்வோர் அறையிலும் ஒரு ஜோடி 8 ஓம்ஸ் சீலிங் ஸ்பீக்கர். இந்த அமைப்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கடைக்குப் போனதும் "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் பேச்சு தொடங்கும். வாட்ஸ் பிறகு இருக்கட்டும். ஓம்ஸும் (ஸ்பீக்கரின் மின்தடை) எத்தனை சேனல் (ஆம்பின் தனித்தனி அவுட்புட்) என்பதும் முதலில் முடிவாக வேண்டும்.

படி 1: ஓம்ஸ்

ஸ்பீக்கரின் பின்பக்கம் எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரில் அளந்துவிடலாம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3 முதல் 3.6 வரை காட்டும். மீட்டர் காயிலின் டி.சி. தடையை மட்டும் அளப்பதால் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அது பழுதில்லை.

ஒரே ஸ்டீரியோ ஆம்பில் எட்டு ஸ்பீக்கரையும் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கொடுத்தால் சேனலுக்கு நாலு, அதாவது 2 ஓம்ஸ். வீட்டு ஆம்ப்களில் பெரும்பாலானவை 4 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது. குறைந்த சத்தத்தில் நன்றாகவே பாடும். வால்யூமைக் கூட்டியதும் கரண்ட் எகிறி, சூடாகி, கட்டாகும். பாதுகாப்பு இல்லாத போர்டாக இருந்தால் ஐ.சி. போய்விடும். இரண்டிரண்டாக சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு, அந்த இரண்டு ஜோடியைப் பேரலலாக்கினால் மறுபடி 8 ஓம்ஸ் கிடைக்கும். ஆனால் சீரிஸில் ஒன்று அறுந்தால் கூட இருப்பதும் ஊமையாகிவிடும், அறைக்கு அறை வால்யூமும் வைக்க முடியாது.

அதனால் அறைக்கு ஒரு சின்ன கிளாஸ்-டி போர்டு (அதிகம் சூடாகாத வகை ஆம்ப்) என்பதே சரியான வழி. டிபிஏ3116 ஐ.சி. உள்ள ஸ்டீரியோ போர்டு நாலு போதும்.

படி 2: வாட்ஸ்

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்றால் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். 10 வாட் கொடுத்தால் 98. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 10 டெசிபல் குறைந்து 88 வரும். வீட்டுக்குள் அது பெரிய சத்தம். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே ஸ்பீக்கருக்கு 20 முதல் 30 வாட் தாராளம். பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காகப் பெரிதாக்கிச் சொல்லும் உச்ச வாட்ஸ்) என்று போட்டிருக்கும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இந்த போர்டில் உள்ள "50+50" கூட 4 ஓம்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவு) சொன்னது. 24 வோல்ட், 8 ஓம்ஸில் சுத்தமாகக் கிடைப்பது 30 வாட் அளவில்தான்.

படி 3: நெகட்டிவை ஒன்று சேர்க்கக் கூடாது

ஆம்ப் அதிகம் சாவது இங்கேதான். வீடு கட்டும்போது பைப்புக்குள் மூன்றே ஒயர் இழுத்து, இரண்டு ஸ்பீக்கரின் நெகட்டிவுக்கும் ஒரே ஒயரைப் போட்டிருப்பார்கள். எல்ஏ4440 மாதிரியான பழைய ஐ.சி.களை ஸ்டீரியோவாகப் போடும்போது ஸ்பீக்கர் நெகட்டிவ் நேராக கிரவுண்டில் இருக்கும், அங்கே இது ஓடிவிடும். கிளாஸ்-டி போர்டுகள் பெரும்பாலும் பிரிட்ஜ் முறை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்பே இயக்கும். அதில் "நெகட்டிவ்" என்று எழுதியிருக்கும் முனையும் ஓர் அவுட்புட்தான். அதை இன்னொரு சேனலின் நெகட்டிவோடு சேர்ப்பது இரண்டு அவுட்புட்டை ஷார்ட் செய்வதற்குச் சமம்.

சோதிப்பது சுலபம். பவரை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல், மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வையுங்கள். ஒரு முனை சப்ளை நெகட்டிவில், இன்னொன்று ஸ்பீக்கர் நெகட்டிவில். பீப் வந்தால் பொது நெகட்டிவ். வரவில்லை என்றால் பிரிட்ஜ் என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர் இழுங்கள். பைப்பில் மூன்று ஒயர்தான் இருக்கிறது, நாலாவதை நுழைக்க வழியே இல்லை என்றால் அந்த அறைக்குப் பொது நெகட்டிவ் உள்ள ஆம்பையே வாங்குங்கள்.

படி 4: பவர் சப்ளையும் ஒயரும்

நாலு போர்டுக்கும் சேர்த்து 24 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டை டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளை) ஒன்று போதும். பாட்டின் சராசரி பவர் உச்சத்தைவிட வெகு குறைவு என்பதால் அது திணறாது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வோல்டேஜைத் திருகும் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். சிலவற்றில் அது 28 வோல்ட் வரை போகும், ஐ.சி.யின் எல்லை 26. போர்டை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்து 24-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒயர் 1.5 சதுர மி.மீ. தாமிரம். 15 மீட்டர் தூரத்துக்குப் போக வர 30 மீட்டர், தடை சுமார் 0.36 ஓம்ஸ், 8 ஓம்ஸில் இது 5 சதவீதத்துக்குள். அதே தூரத்துக்கு 0.5 போட்டால் 1 ஓம்ஸைத் தாண்டும். 230 வோல்ட் லைன் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள்.

பின்னர் சேர்த்தவை

பால்கனிக்கு ஒரே ஸ்பீக்கர் என்றால் லெஃப்ட், ரைட் இரண்டையும் சேர்க்க வேண்டியது ஆம்பின் இன்புட்டில். இரண்டு லைனிலும் தலா ஒரு 1 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளை இணைத்து ஆம்புக்குக் கொடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் சேர்த்தால் மூன்றாம் படியில் சொன்னதுதான் நடக்கும்.

ப்ளூடூத் மாட்யூலை இதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்தால் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கலாம். ஆம்ப் பழுது என்று நினைத்து மாற்றாதீர்கள். சப்ளை கிரவுண்டும் ஆடியோ கிரவுண்டும் சேர்ந்து வளையமாவதால் வருவது அது. மாட்யூலைத் தனி மொபைல் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் அப்படியே விடலாம். ஒரே சப்ளைதான் வேண்டும் என்றால் மாட்யூலின் 5 வோல்ட் லைனில் பி0505எஸ் ஐசொலேட்டட் கன்வர்ட்டர் (இரண்டு பக்க கிரவுண்டையும் பிரித்துவைப்பது) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.