டொமைனில் சேர மாட்டேன் என்கிற கம்ப்யூட்டர்
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டரை டொமைனில் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் லாகின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு; அதை நடத்தும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர்) சேர்க்கப் போய், 'டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்றே வந்துகொண்டிருந்ததில் எனக்கு அரை நாள் போனது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினேன், கடைசியில் பார்த்தால், பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் செட்டிங்தான் காரணம். நெட் வேகமாக வரட்டும் என்று யாரோ அதில் கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 போட்டு வைத்திருக்கிறார்கள். ஆபீசுக்குள் இருக்கும் டொமைன் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? அங்கே டொமைன் கன்ட்ரோலரின் ஐபியைப் போடுங்கள், இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில்கூட வெளி முகவரி வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டில் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளைக்கு டொமைன் பெயரைக் கொடுத்து சர்வர் ஐபி வந்தால் சரி. அப்புறம் கடிகாரம்: மதர்போர்டு பேட்டரி செத்து நேரம் 5 நிமிடத்துக்கு மேல் தவறியிருந்தால் டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் உள்ளே விடாது. விண்டோஸ் ஹோம் என்றால் மெனக்கெடவே வேண்டாம், ப்ரோவாவது வேண்டும்.