பழைய புல்லட்டை ஒரே கிக்கில் ஸ்டார்ட் செய்வது எப்படி?

பழைய புல்லட் வாங்கிய பலரும் முதல் வாரத்தில் சொல்வது, "மிதிச்சு மிதிச்சு கால் போச்சு" என்றுதான். அவ்வளவு பலமே தேவையில்லை. என் அக்கா 48 கிலோ. எங்கள் வீட்டு 1984 மாடலை முதல் கிக்கிலேயே எழுப்பிவிடுவாள். அவள் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருவொற்றியூரில் தயாரான, வலது பக்கக் கியரும், பாயின்ட்டும் (ஸ்பார்க் வர வேண்டிய நேரத்தில் கரன்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), ஆம்மீட்டரும் (கரன்ட் ஓட்டத்தை முள்ளால் காட்டும் மீட்டர்) உள்ள 350 சிசி வண்டிகளுக்கான முறை இது.

முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலை உறுதி செய்யுங்கள். பெட்ரோல் டேப்பைத் திறங்கள். காலை நேரமென்றால் சோக் போடுங்கள். காலில் ஷூ இருக்கட்டும், செருப்பு வேண்டாம்.

அடுத்து சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கல்லை மிதித்த மாதிரி நின்றுவிடும். பிஸ்டன் மேலே ஏறி, காற்றையும் பெட்ரோலையும் அழுத்திப் பிடித்திருக்கும் இடம் அது. அங்கே முரட்டுத்தனமாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும்.

இனி கண் ஆம்மீட்டரில் இருக்கட்டும். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும்: பாயின்ட் மூடியிருக்கிறது, பிளக்குக்கு ஸ்பார்க் தரும் காயிலுக்குக் கரன்ட் போகிறது என்று அர்த்தம். இடது கையால் டீகம்ப்ரஸரை, அதாவது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன லிவரை, பிடியுங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று வெளியேறும், கிக்கர் இளகும். அப்படியே மெல்ல, மிக மெல்ல, கீழே தள்ளுங்கள். முள் துள்ளி நடுவுக்கு வந்ததும் காலை நிறுத்துங்கள். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை இப்போதுதான் தாண்டியிருக்கிறது.

டீகம்ப்ரஸரை விடுங்கள். கிக்கரை முழுதாக மேலே வர விடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல், முழங்காலை லேசாக மடக்கி, அடிவரை ஒரே சீராக மிதியுங்கள். அடுத்த அழுத்தம் வருவதற்குள், எஞ்சினுக்குள் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும். அந்த வேகமே பிஸ்டனை உச்சி தாண்ட வைக்கும். அப்புறம் வரும் அந்த முதல் 'டப்… டப்… டப்' சத்தத்துக்காகவே நான் இந்த வண்டியை விற்காமல் வைத்திருக்கிறேன்.

முள் அசையவே இல்லையா? பேட்டரியைப் பாருங்கள். முள் சரியாக ஆடியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் பாயின்ட்தான். வலது பக்க மூடியைக் கழற்றி, பாயின்ட் முழுதாகத் திறக்கும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். பிளக்கையும் ஒருமுறை துடைத்து மாட்டுங்கள்.

சரி, வண்டி ஓடுகிறது. உடனே மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடும். காலி மைதானத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டி, இடது கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.