கழிவுப்பாகு வேறு, வெல்லப்பாகு வேறு: பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் நெருங்கும் நாட்களில் ஓமலூர், தீவட்டிப்பட்டி பக்கம் போனால் கரும்புச்சாறு காயும் வாசம் ரோடு வரைக்கும் வரும். வெல்லம் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு சேலத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் கருப்பாக, பிசுபிசுவென்று, இனிப்பாக இருப்பதெல்லாம் வெல்லப்பாகுதான் என்ற குழப்பமும் இங்கேதான் அதிகம். மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு விஷயத்தில் நடக்கும் மற்ற தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவதுதான்.

வெல்லம் காய்ச்சும் இடத்தில் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையைப் போட்டு அடுப்பை எரிப்பார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வரும். அதை வழித்து எடுத்துவிடுவார்கள். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரையாமல் உருண்டு நின்றால் பதம் வந்துவிட்டது. அப்புறம் தொட்டியில் கொட்டி, கிளறி ஆறவிட்டு, உருண்டை பிடிப்பார்கள். சாற்றில் இருந்த சர்க்கரையும் தாது உப்பும் பெரும்பாலும் அந்த உருண்டைக்குள்ளேயே இருக்கும்.

மோகனூரில் இருக்கும் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற பெரிய ஆலைகளில் நடப்பது வேறு. அங்கே பாகிலிருந்து சர்க்கரையைப் படிகமாகப் பிரித்து எடுக்கிறார்கள். துளை போட்ட கூடை ஒன்று, வாஷிங் மெஷின் துணியைப் பிழிவது போல, வேகமாகச் சுழலும். படிகம் கூடைக்குள் நிற்க, பாகு வெளியே தெறித்து ஓடும். அந்தப் பாகை மறுபடி காய்ச்சி, மறுபடி பிரிப்பார்கள். இனி எடுத்தால் கட்டுப்படியாகாது என்ற நிலையில் கடைசியாக நிற்கும் கருப்புப் பாகுதான் மொலாசஸ். ஒரு டன் கரும்புக்குச் சுமார் 40 முதல் 45 கிலோ கிடைக்கும். அப்போதும் அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்!

அதனால் அதை வீண் பொருள் என்று நினைப்பது பெரிய தவறு. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வருகிற எத்தனால் இதிலிருந்தும் தயாராகிறது. ஒரு டன் மொலாசஸிலிருந்து சுமார் 220 லிட்டர் எடுக்கலாம். பெட்ரோலில் கலப்பதற்கும் அது போகிறது. பேக்கரி ஈஸ்டை வளர்க்கவும், எலுமிச்சைப் புளிப்புக்கான சிட்ரிக் அமிலம் தயாரிக்கவும் மொலாசஸ் உதவுகிறது.

பயன் இருக்கிறது என்பதற்காக, ஆலையிலிருந்தோ மாட்டுத்தீவனக் கடையிலிருந்தோ வந்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்க்க வேண்டாம். அது மனிதர் சாப்பிடுவதற்கென்று சுத்தமாகத் தயாரித்ததல்ல. கேக் செய்யக் கடையில் விற்கும் பாட்டில் மொலாசஸ் வேறு ரகம். அதில் இரும்பு, கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனாலும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் பல் சொத்தையாகும்.

வெல்லம் வாங்கப் போகும்போதும் கவனம் வேண்டும். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதே நல்லது என்று கைகாட்டாதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் ரசாயனம் சேர்ப்பவர்கள் உண்டு. பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் மாடு இருந்தால் யூரியாவும் மொலாசஸும் சேர்த்துச் செய்த தாது உப்புக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். அதற்கு வேண்டிய சக்தியை மொலாசஸ் கொடுக்கிறது. மாடு ஆசையாக நக்குகிறதே என்று கட்டியை உடைத்துக் கொடுப்பதும், தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதும் ஆபத்து. யூரியா ஒரேயடியாக உள்ளே போனால் மாடு செத்தே போகலாம். ஆறு மாதம் ஆகாத கன்றுக்குட்டிக்கு இந்தக் கட்டியே ஆகாது.

மொலாசஸ் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடுவதும் தவறுதான். கெட்டியான பாகில் ஈஸ்டால் எளிதில் வளர முடியாது. தண்ணீர் சேர்ந்தால் வளர ஆரம்பித்துவிடும். இதை நீங்களே பார்க்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரையும் அரைக் கரண்டி ஈஸ்டும் கலந்து பாட்டிலில் ஊற்றி, பாட்டிலின் வாயில் பலூனை மாட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் பலூன் நிமிர்ந்து உப்பும். உள்ளே உண்டான கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். பலூனுக்குப் பதிலாக மூடியை இறுக்கித் திருகினால் பாட்டில் வெடித்துவிடும், அதை மட்டும் செய்யவே கூடாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம்.

செடிக்கு நல்லது என்று மொலாசஸைக் கெட்டியாகவே வேரில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேரிலிருக்கும் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும், எறும்பும் மொய்க்கும்.

மிச்ச மொலாசஸைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2013 செப்டம்பரில் ஹவாயின் ஹொனலூலு துறைமுகத்தில் குழாய் கசிந்து சுமார் 1,400 டன் மொலாசஸ் கடலில் கலந்தது. தண்ணீரைவிடக் கனமானதால் அது அடியில் போய்ப் படிந்தது. மீன்கள் மூச்சுத் திணறி ஆயிரக்கணக்கில் செத்தன. நம்மூரில் சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாறு ஏற்கெனவே சாக்கடைத் தண்ணீரைச் சுமக்கிறது. மிஞ்சியதை நிறையத் தண்ணீரில் கரைத்து மக்குக் குழியில் தெளித்துவிடுங்கள். இலைதழை சீக்கிரம் மக்கும்.