வீட்ல போடுற கிரீம் சோடா ஏன் சப்புன்னு ஆகுது

வீட்டு கிரீம் சோடா நல்லா இல்லன்னா எல்லாரும் முதல்ல எசன்ஸ் மேலதான் பழி போடுவாங்க, சேலம் செவ்வாப்பேட்டை கடைவீதிக்கு போய் வேற பாட்டில் வாங்கிட்டு வந்தும் அதே கதைதான். பாதி நேரம் தப்பு சூட்டுல இருக்கு. கேஸ் ஜில்லு தண்ணிலதான் தங்கும், 0 டிகிரில கரையுற கார்பன் டை ஆக்சைடுல பாதிகூட 25 டிகிரில நிக்காது, அப்புறம் சேலம் மே மாசத்துல வெளிய கிடந்த சோடாவ ஒடச்சு ஊத்துனா என்ன இருக்கும் சொல்லுங்க. ஐஸ் போட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, சூடான சோடால ஐஸ்கட்டி விழுந்ததும் இருக்குற கேஸும் புஸ்ஸுன்னு போயிரும். சோடா, சிரப், டம்ளர் மூணுமே ஃப்ரிட்ஜ்ல இருந்து வரணும்.

அடுத்தது பாகு. மைசூர்பாக்குக்கு காய்ச்சுற மாதிரி கம்பிப் பதம் வரைக்கும் விட்டா அது அடியில போய் உக்காந்துக்கும், கலக்கி கலக்கியே கேஸ் காலி. ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணி, சர்க்கரை கரைஞ்சதும் அடுப்ப அணைச்சிடுங்க, நல்லா ஆறுனப்புறம் அரை ஸ்பூன் வெனிலா எசன்ஸ், கொதிக்கிறப்பவே ஊத்துனா வாசனை கிச்சனுக்குத்தான். டம்ளர்ல சிரப் முதல்ல, சோடா கடைசில, சாய்ச்சு ஓரமா ஊத்தி ஒரே ஒரு தடவ கிண்டுனா போதும். சோடா மெஷின் வச்சிருக்கவங்க வெறும் தண்ணிக்கு மட்டும் கேஸ் ஏத்துங்க, சிரப்போட ஏத்துனா பொங்கி மேடையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்.

பேர்ல கிரீம் இருக்கேன்னு பால் ஊத்துறாங்க பாருங்க, அது தேவையே இல்ல, வெனிலாவே போதும். ஐஸ்கிரீம் மிதக்க விடணும்னா விடுங்க, ஆனா எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸோட பால் சேந்தா திரிஞ்சிரும். ஏற்காட்டு ஆரஞ்சு கைல இருந்தா ஜூஸ விட்டுட்டு தோல துருவி சூடான பாகுல போட்டு வடிகட்டுங்க, வெள்ளைப் பகுதி மட்டும் வேணாம், கசக்கும். ஏற்காட்டு காபி டிகாஷனும் வெனிலாவும் சேந்தா அருமை (என் ஓட்டு அதுக்குத்தான்), ஆனா காபி பயங்கரமா நுரைக்கும், பாதி டம்ளரோட நிறுத்திக்குங்க.

சமையல் சோடா போட்டு நுரை வரவைக்கிறதெல்லாம் வேணாம், உப்புக் கரிக்கும். ஈஸ்ட் போட்டு கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி வைக்கிறது அதவிட மோசம், உள்ள அழுத்தம் ஏறி பாட்டிலே வெடிக்கும். மீந்த சிரப்ப சுத்தமான பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஈர ஸ்பூன் விட்டா பூஞ்சை வந்துரும்.