நாடு கடத்தப்பட்ட போலந்துச் சிறுவர் சென்ற வழியைக் கண்டறிவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது, சோவியத் படைகள் 1939-இல் கைப்பற்றிய கிழக்குப் போலந்திலிருந்து சோவியத் ஒன்றியத்தின் உட்பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்ட ஒருவரின் சிறுவயது நினைவுகளைக் கொண்டு அவர் சென்ற வழியைக் கண்டறிய விரும்புவோர், தேதிகளைத் துருவுவதற்கு முன்பு பருவத்தையும் குடும்பத்தின் நிலையையும் கவனிக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு ஊர்ப்பெயர் மறந்துபோகலாம்; கதவு தட்டப்பட்ட இரவில் வெளியே பனி கிடந்ததா என்பது அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

பெருந்திரளான கடத்தல்கள் நான்கு முறை நடந்தன. 1940 பிப்ரவரி 10 அன்று, கடுங்குளிரில், நிலம் பெற்றுக் குடியேறியிருந்த முன்னாள் படைவீரர்களும் வனத்துறை ஊழியர்களும் குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டு, அர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். ஆகவே, தந்தையும் உடனிருந்து காட்டில் மரம் வெட்டினார் என்று குறிப்பு சொன்னால், முதலில் இந்தக் கடத்தலையே கருத வேண்டும். தந்தை முன்பே கைதாகிவிட, தாயும் பிள்ளைகளும் மட்டும் கசக்ஸ்தானின் கூட்டுப்பண்ணை ஒன்றில் இறக்கிவிடப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஏப்ரல் 13 அன்று நடந்த இரண்டாவது கடத்தல். ஜெர்மானியரிடமிருந்து தப்பிக் கிழக்கே வந்திருந்த அகதிகள், அவர்களுள் பெரும்பான்மையோர் யூதர்கள், 1940 ஜூன் இறுதியில் கொண்டுசெல்லப்பட்டனர். நான்காவது கடத்தல் 1941 மே, ஜூன் மாதங்களில் நடந்தது.

சரக்குப் பெட்டியின் நடுவே இரும்பு அடுப்பு, கழிப்பிடமாகத் தரையில் வெட்டிய துளை, அதை மறைத்துப் பெண்கள் பிடித்த போர்வை ஆகியவை எண்ணற்ற குறிப்புகளில் வருவதால், எந்தக் கடத்தல் என்று பிரித்தறிய உதவமாட்டா.

நாடு கடந்த போலந்து அரசுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே 1941 ஜூலை 30 அன்று கையெழுத்தான சிகோர்ஸ்கி–மைஸ்கி ஒப்பந்தத்துக்குப் பின், கடத்தப்பட்ட போலந்து மக்களுக்குப் ‘பொது மன்னிப்பு’ வந்தது. எந்தக் குற்றத்துக்கு என்று குழந்தைகள் கேட்டிருக்கலாம். விடுதலையானவர்களில் பலர் தெற்கே உஸ்பெகிஸ்தான் பக்கம் நகர்ந்தனர். 1942 வசந்தத்திலும் ஆகஸ்டிலும் ஆண்டர்ஸ் படையோடு (சோவியத் மண்ணில் தளபதி ஆண்டர்ஸ் தலைமையில் திரட்டப்பட்ட போலந்துப் படை) துர்க்மேனியாவின் கிராஸ்னோவோத்ஸ்க் துறைமுகத்திலிருந்து காஸ்பியன் கடலைக் கடந்தவர்கள் ஈரானின் பஹ்லவி துறைமுகத்தில் இறங்கினர். கடற்கரையில் தலை மழிக்கப்பட்டது, உடைகள் எரிக்கப்பட்டன என்னும் நினைவு இந்த வழியைக் காட்டும். கப்பலே ஏறாமல் லாரியில் மலை கடந்ததாக வந்தால், துர்க்மேனியாவின் அஷ்காபாத்திலிருந்து ஈரானின் மஷ்ஹதுக்குச் செல்லும் பாதையைத் தேட வேண்டும். ஜாம்நகர் அருகே பாலாசடி முகாமுக்கு வந்த சிறுவர்கள் பலர் அவ்வழியே வந்தவர்கள். ஏனையோர் ஈரானின் இஸ்ஃபஹான், கோலாப்பூர் அருகிலுள்ள வலிவடே, தங்கனிக்காவின் (இன்றைய தான்சானியா) தெங்கேரு எனச் சிதறினர். 1944 நவம்பரில் 733 சிறுவர்கள் நியூசிலாந்தின் பாஹியாட்டுவாவை அடைந்தனர்.

ஆவணங்களில் தேடும்போது, தந்தை கோவால்ஸ்கி என்றால் மகள் கோவால்ஸ்கா என்று பதிவாகியிருப்பார் என்பதால், குடும்பப்பெயரின் இரு வடிவங்களையும் ரஷ்ய எழுத்துக்கூட்டலையும் முயல வேண்டும். அனாதை இல்லத்தில் இடம் கிடைப்பதற்காக வயது மாற்றிச் சொல்லப்பட்டிருக்கவும் கூடும். எனவே பிறந்த ஆண்டு ஓரிரு ஆண்டுகள் மாறுபடுவதை மட்டும் வைத்து ஒரு பதிவை ஒதுக்கிவிடக் கூடாது.