வார்டில் தெரிந்த முகம்: வெளிநாட்டில் வாலண்டியராகப் போகும் நர்சிங் மாணவர்களுக்கு

நர்சிங் படிக்க வந்த இடத்தில் ஆஸ்பத்திரியில் வாலண்டியராகச் சேரலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். அந்த ஊர் நோயாளி வலியை எப்படிச் சொல்வார், பதில் சொல்லாமல் எப்படி நழுவுவார் என்பதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது. ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக்கூடாது. அதனால் எனக்கு ஒரு செமஸ்டர் போயிற்று.

காகித வேலையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், போலீஸ் சரிபார்ப்பு, தடுப்பூசி விவரம், ஓரியண்டேஷன். எங்கே போனாலும் ஏறக்குறைய இவைதான். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று டோஸ் முடிய 6 மாதம் பிடிக்கும், அதனால் ஏற்கனவே போட்டிருந்தால் சான்றைக் கையோடு கொண்டுவாருங்கள். டிபி-க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்த்தால், சின்ன வயதில் பி.சி.ஜி. என்கிற டிபி தடுப்பூசி போட்ட நமக்கு, நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்ட வாய்ப்புண்டு. ஐ.ஜி.ஆர்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் வராது, அதைச் செய்வார்களா என்று கேளுங்கள். சம்பளமில்லாத வேலையையும் ஸ்டூடண்ட் விசாவின் வேலை நேரத்தில் சேர்க்கும் நாடுகள் உண்டு. கல்லூரியில் எழுத்துமூலம் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

வார்டில் உங்களுக்குத் தருவது சின்னச் சின்ன வேலைகள்தான். வழி காட்டுவது, பேச்சுத் துணைக்கு உட்காருவது, போர்வை எடுத்துத் தருவது. பி.பி. பார்க்கத் தெரியும் என்பதற்காகக் கருவியைத் தொடாதீர்கள். தண்ணீர் கேட்டால்கூட நர்ஸிடம் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவரும், பக்கவாதத்துக்குப் பின் விழுங்க முடியாதவரும் அதே குரலில்தான் தண்ணீர் கேட்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் நாலாவது மாடியில், ஜன்னலோரப் படுக்கையில் ஒரு ஆன்ட்டி. தமிழ் ஆட்கள் கூடும் இடங்களில் இரண்டு மூன்று முறை பார்த்த முகம். எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனையோ வாரங்களாக அந்தக் கட்டடத்துக்குள் நான் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி இருக்கீங்க ஆன்ட்டி என்று பேச்சை ஆரம்பித்தேன். அவர் சிரித்தார், அதிகம் பேசவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் பெயர் எழுதிய பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. தானாகத் திரும்பியிருக்கும் என்று நினைத்து, நானே அதை நேராக்கி விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அது மறுபடியும் உள்பக்கம் திரும்பியிருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை, என்னைத் தங்கைபோல் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவுக்குப் போன் செய்தேன். "ஆன்ட்டி நாலாவது மாடியில் தனியா இருக்காங்க அக்கா, முடிஞ்சா போய்ப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை, எனக்கே அது தெரியாது. ஆனால் நாலாவது மாடி முழுக்கப் புற்றுநோய் வார்டு. லிஃப்டில் ஏறினாலே பலகையில் எழுதியிருக்கும்.

மறுநாள் பூங்கொத்தோடு மூன்று பேர் போயிருக்கிறார்கள். ஆன்ட்டி தன் மகளுக்குக்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தாராம். பரீட்சைக்கு நடுவில், வேறு யாரோ சொல்லித்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வந்தது. ஆன்ட்டி புகார் கொடுத்தார். கொடுத்தது சரிதான், அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் பேட்ஜைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், கல்லூரிக்குக் கடிதம் போனது, விசாரணை முடியும்வரை கிளினிக்கல் போஸ்டிங்கை, அதாவது படிப்பின் பகுதியான ஆஸ்பத்திரிப் பயிற்சியை, நிறுத்திவைத்தார்கள். என்னுடன் சேர்ந்தவர்கள் அடுத்த செமஸ்டருக்குப் போனார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது, "போய்ப் பார்த்தது ஒரு தப்பா?" என்று இன்றும் கேட்பவர்கள்மேல்தான். நம் பக்கத்தில் ஒருவர் அட்மிட் ஆனால் பத்துப் பேருக்குச் சொல்வது பாசம். யாரும் வந்து பார்க்கவில்லை என்றால்தான் மனத்தாங்கல். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, ரகசியம் காப்பது என்றால் கேஸ் ஷீட்டைக் காட்டாமல் இருப்பது என்று மட்டும்தான் படுகிறது. ஒருவர் அங்கே படுத்திருக்கிறார் என்பதே அவர் சொல்ல வேண்டிய செய்தி. நோயாளியின் விவரங்களைக் காக்கும் அமெரிக்காவின் 1996-ஆம் வருட ஹிப்பா சட்டத்தின் விதிகள், ஆஸ்பத்திரியின் பணியாளர் என்ற சொல்லுக்குள் வாலண்டியரையும் சேர்த்தே வரையறுக்கின்றன. சம்பளம் வாங்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது. இவ்வளவு ஏன், நர்சிங் கல்லூரியின் விளக்கேற்றும் விழாவில் நாம் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893-இல் டெட்ராய்ட்டில் எழுதப்பட்டது. தெரியவரும் குடும்ப விஷயங்களை வெளியே விடமாட்டேன் என்பது அதிலேயே இருக்கிறது. நானும் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அதை உரக்கச் சொன்னவள்தான்.

தெரிந்த முகத்தைப் பார்த்தால் நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள். இன்சார்ஜ் நர்ஸிடம், "இவரை எனக்கு வெளியில் தெரியும்" என்று சொல்லுங்கள். உங்களை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது நோயாளியிடம் கேட்டுச் சொல்வார்கள். அவரே கூப்பிட்டுப் பேசினால் பேசுங்கள், ஆனால் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியில் யாராவது "நீ அங்கேதானே போறே, அவங்க அங்கே இருக்காங்களா?" என்று தூண்டினால், இல்லை என்றுகூடச் சொல்லக்கூடாது. நேற்று இல்லை என்றவள் இன்று மௌனமானால் அதுவே பதிலாகிவிடும். எப்போதும் ஒரே வாக்கியம்: "அங்கே யார் இருக்காங்க, யார் இல்லைன்னு நான் சொல்லக்கூடாது." திமிர் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அப்புறம், மொழிபெயர்ப்பு. தமிழ் தெரியும் என்றதும் டாக்டரே கூப்பிடலாம். போர்வை வேண்டுமா என்பதுவரை சரி. ஆபரேஷன் சம்மதம், ரிப்போர்ட் முடிவு என்றால், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். வீட்டில் தமிழ் பேசுவது வேறு, ஒருவருடைய உடம்பைப் பற்றித் தமிழில் சொல்வது வேறு.

அடுத்த வருடம் பஸ்ஸில் ஆன்ட்டியைப் பார்த்தேன். தலைமுடி குட்டையாக வளர்ந்திருந்தது. நானாகப் பேசவில்லை. அவர்தான் நகர்ந்து இடம் விட்டு, படிப்பு எப்போது முடியும் என்று கேட்டார். இன்னும் ஒன்றரை வருடம் என்றேன். உடம்பு எப்படி இருக்கு என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய நிறுத்தம் வந்ததும் என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.